ஹம்பிப் பயணமும் தங்குமிடமும்

இன்று புழக்கத்திலுள்ள ஐம்பது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் கல்தேர் ஒன்றின் படம் அச்சிடப்பட்டுள்ளது. அத்தேர் கர்நாடக மாநிலத்தின் விஜயநகர மாவட்டத்தில், ஹம்பி என்னும் ஊரிலுள்ள விட்டலர் கோயிலில் நிற்கிறது. முன்னொரு காலத்தில் பேரரசு ஒன்றின் தலைநகராக விளங்கிய இடம் அது. இன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அதனைக் காண வருகின்றனர். வருவோருள் சிலர் மனநிறைவோடு திரும்புகின்றனர். சிலரோ, "வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்" என்று சலித்துக்கொள்கின்றனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பெரும்பாலும் ஊரன்று, திட்டமே. அத்திட்டத்தின் முதற்படி எங்குத் தங்குவது என்பதை முடிவு செய்வதாகும்.

நகரின் வரலாறு

1336 ஆம் ஆண்டு ஹரிஹரர், புக்கர் என்னும் உடன்பிறந்தார் இருவர் துங்கபத்திரை ஆற்றங்கரையில் இவ்வரசை நிறுவினர் என்பது மரபு. சங்கம, சாளுவ, துளுவ, ஆரவீட்டு மரபினர் அடுத்தடுத்து அரசாண்டனர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் (1509–1529) பேரரசு உச்சநிலையை எட்டியது. 1520 ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்த போர்ச்சுகல் நாட்டவரான தொமிங்கோ பயஸ், இந்நகரம் உரோம் நகரளவு பெரியது என்று எழுதினார். 1565 ஆம் ஆண்டு நடந்த தலைக்கோட்டைப் போரில் தக்காணச் சுல்தான்களின் கூட்டுப்படை வென்றது. நகரம் சூறையாடப்பட்டது. அரசவை பெனுகொண்டாவுக்கும் பின்னர்ச் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் இடம் பெயர்ந்தது.

இந்நகரத்திற்கும் தமிழகத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மதுரை, தஞ்சை, செஞ்சி ஆகிய இடங்களில் ஆண்ட நாயக்கர்கள் முதலில் விஜயநகர அரசின் ஆளுநர்களாக இருந்தவர்களே. சிதம்பரம் கோயிலின் வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. ஹம்பியிலுள்ள கிருஷ்ணர் கோயில், உதயகிரி வெற்றியின் நினைவாக 1513 ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. அங்கு வைக்கப்பட்டிருந்த பாலகிருஷ்ணர் சிலை இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. விட்டலர் கோயிலைச் சூழ ஆழ்வார்களுக்கு எடுக்கப்பட்ட சிறு கோயில்களும் காணப்படுகின்றன.

ஊர்ப்பெயரிலும் ஓர் உறவு ஒளிந்துள்ளது. துங்கபத்திரையின் பழம்பெயர் பம்பை. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியது. தமிழில் பால், பல், புலி எனப்படுவன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என வழங்குவது இதனால்தான். அவ்வாறே பம்பை என்பது ஹம்பெ ஆயிற்று. அதுவே இன்றைய ஹம்பி.

நகரின் அமைப்பு

தங்குமிடத்தைத் தேடுவதற்கு முன் நிலப்படத்தைப் பார்த்தல் வேண்டும். ஹம்பி ஒரே கோயிலோ ஒரே கோட்டையோ அன்று. 1986 ஆம் ஆண்டு உலக மரபிடமாக அறிவிக்கப்பட்ட பகுதியின் பரப்பு 41 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதனுள் 1,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறும் இடமாக இதனை எண்ணி வருவோர் முதல் நாளிலேயே களைத்துவிடுகின்றனர்.

இப்பரப்பை மூன்று பகுதிகளாகப் பிரித்து நினைவில் கொள்ளலாம். முதலாவது, ஆற்றின் தென்கரையை ஒட்டிய கோயில் பகுதி. விருபாட்சர் கோயில், ஹேமகூட மலை, கிருஷ்ணர் கோயில், அச்சுதராயர் கோயில், விட்டலர் கோயில் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, அதற்குத் தெற்கே கமலாபுரத்தை அடுத்துள்ள அரண்மனைப் பகுதி. மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம், ஹசார ராமர் கோயில், தாமரை மகால், யானைக் கொட்டில் முதலியன இங்கு உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே நெல்லும் வாழையும் விளையும் பள்ளத்தாக்கு ஒன்று உள்ளது. விஜயநகர காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய் இன்றும் அவ்வயல்களுக்கு நீர் தருகிறது. மூன்றாவது, ஆற்றுக்கு வடக்கேயுள்ள ஆனெகுந்தி என்னும் பழங்கோட்டையூர். விஜயநகரம் எழுவதற்கு முன்பே சிறப்புற்றிருந்த ஊர் அது.

தங்குமிடங்கள் நான்கு

நகரம் இவ்வாறு பிரிந்து கிடப்பதால் தங்குமிடங்களும் நான்கு ஊர்களில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் நிறையும் உண்டு, குறையும் உண்டு.

ஹொசப்பேட்டை: மாவட்டத் தலைநகரான இவ்வூரில்தான் இரயில் நிலையம் உள்ளது. பெங்களூருவிலிருந்து இரவில் புறப்படும் ஹம்பி எக்ஸ்பிரஸ் காலையில் இங்கு வந்து சேர்கிறது. மின்தூக்கி உள்ள பெரிய விடுதிகள், மருத்துவமனைகள், வங்கிகள், பலவகை உணவகங்கள் ஆகியன இங்குக் கிடைக்கும். எனினும் ஹம்பி இங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாள்தோறும் சென்று திரும்ப வேண்டும்.

கமலாபுரம்: அரண்மனைப் பகுதிக்கு அருகிலுள்ள சிற்றூர். இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும், கர்நாடக மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மயூரா புவனேஸ்வரி விடுதியும் இங்கு உள்ளன. விருபாட்சர் கோயிலுக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் செல்ல வேண்டும். விடுதிகளின் எண்ணிக்கை குறைவு. எனவே முன்பதிவு இன்றியமையாதது.

ஹம்பி ஊர்: விருபாட்சர் கோயிலை அடுத்துள்ள தெருக்களில் ஊர் மக்கள் தங்கள் வீடுகளின் ஒரு பகுதியை விருந்தினர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். விடியற்காலையில் எழுந்து நடந்தே மலையேறிக் கதிரவன் எழுவதைக் காண விரும்புவோர்க்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. அறைகள் சிறியவை, பலவற்றுக்குக் குறுகிய படிகளில் ஏறிச் செல்ல வேண்டியிருக்கும். கோயிலை அடுத்த ஊர் ஆதலால் சைவ உணவே கிடைக்கும்.

ஆனெகுந்தி: அமைதியை விரும்புவோர்க்கு உரியது. ஊர் மக்கள் நடத்தும் இல்லத் தங்கல்கள் இங்கு உள்ளன. ஆற்றைப் பரிசலில் கடக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் துங்கபத்திரை அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படும்போது பரிசல் நிறுத்தப்படும். அப்போது சாலை வழியே நெடுந்தொலைவு சுற்றி வர நேரும்.

யாருக்கு எந்த இடம்?

எல்லார்க்கும் ஏற்ற விடுதி என ஒன்று இல்லை. பயணம் செய்வோர் யார் என்பதே முதற்கேள்வி. எடுத்துக்காட்டாக, பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஹம்பிக்குப் புறப்படுகிறது. தந்தை, தாய், இரு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள பாட்டி என ஐவர். இவர்களுக்குக் கமலாபுரத்தில் தரைத்தளத்து அறை பொருந்தும். நண்பகலில் பாட்டி அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்கலாம். மாலையில் மீண்டும் உடன் வரலாம். ஹொசப்பேட்டையில் தங்கினால் இடையில் திரும்புவது எளிதன்று. அந்நிலையில் பாட்டி பகல் முழுவதும் அறையிலேயே இருக்க நேரும். அவரும் இவ்வூரைக் காணத்தான் வந்திருக்கிறார் என்பதை மறத்தல் கூடாது. எனவே குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை முன்வைத்தே திட்டம் வகுக்க வேண்டும்.

நாற்பது மாணவர்களை அழைத்துச் செல்லும் பள்ளிக்கு ஹொசப்பேட்டை ஏற்றது. பேருந்து நிறுத்த இடமும், ஒரே நேரத்தில் அனைவர்க்கும் உணவு வழங்கும் வசதியும், அருகில் மருத்துவமனையும் அங்கு உண்டு. ஓவியம் தீட்ட வரும் கல்லூரி மாணவர் இருவர்க்கோ ஹம்பி ஊரின் சிறிய அறையே போதும்.

அடுத்த கேள்வி செலவு பற்றியது. அறை வாடகையை மட்டும் ஒப்பிடுதல் தவறான கணக்கு. முதல் விடுதியின் ஒரு நாள் வாடகை 1,400 ரூபாய்; அங்கிருந்து சென்று வரும் வண்டிச் செலவு 900 ரூபாய் எனக் கொள்க. இரண்டாம் விடுதியின் வாடகை 1,900 ரூபாய். வண்டிச் செலவு 300 ரூபாய் எனக் கொள்க. முன்னதற்கு மொத்தம் 2,300 ரூபாய். பின்னதற்கு 2,200 ரூபாய். மலிவாகத் தோன்றியது உண்மையில் மலிவன்று. சாலையில் கழியும் நேரமும் ஒரு செலவே. வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரம் ஹம்பியில் மிகவும் அரியது.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

விடுதியின் படங்கள் அழகாக இருக்கலாம். அவை எல்லாவற்றையும் காட்டுவதில்லை. ஆகவே தொலைபேசியில் பேசிச் சில செய்திகளை உறுதி செய்துகொள்ளுதல் நன்று.

1. அறை எந்தத் தளத்தில் உள்ளது? மின்தூக்கி உண்டா?
2. கூறப்படும் வாடகையில் வரியும் காலை உணவும் அடங்குமா?
3. கூடுதல் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டா?
4. காலையில் வந்து சேர்வோர்க்கு அறை எப்போது கிடைக்கும்? அதுவரை பெட்டிகளை வைத்துச் செல்லலாமா?
5. மின்சாரம் தடைப்பட்டால் மாற்று ஏற்பாடு உண்டா? வெந்நீர் எந்நேரத்தில் வரும்?
6. பயணம் தள்ளிப்போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?
7. விடுதி உரிய அனுமதி பெற்று நடத்தப்படுகிறதா?

பிற பயணிகள் எழுதிய கருத்துகளைப் படிக்கும்போது, "மிக நன்று", "மிக மோசம்" என்னும் ஒற்றை வரிகளைவிட விவரம் கூறும் வரிகளையே நம்ப வேண்டும். பெரியவர்கள் தங்கள் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுதல் வேண்டும். விருபாட்சர் கோயில் தேர்த்திருவிழா, மாநில அரசு நடத்தும் ஹம்பி விழா ஆகிய நாள்களில் அறைகள் எளிதில் கிடைப்பதில்லை.

தங்குமிடமும் தொல்லிடமும்

ஏழாவது கேள்வி ஹம்பியில் தனிச்சிறப்புடையது. பயணிகள் பெருகப் பெருக அறைகளின் தேவையும் பெருகுகிறது. அறைகள் எழும் இடமோ பழம்பெரும் நகரின் மேல்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்புதல் கூடாது எனவும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் எனவும் சட்டம் கூறுகிறது. கட்டுமானங்களால் நேரும் கேட்டினை உலகமும் கவனித்தது. மரபிடப் பகுதிக்குள் பாலங்கள் கட்டத் தொடங்கியமையால், 1999 ஆம் ஆண்டு ஹம்பி, ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டுதான் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

விருபாட்சர் கோயிலின் முன் நீண்டு கிடக்கும் கடைத்தெருவின் இருபுறமும் கல்மண்டபங்கள் உள்ளன. அரசர் காலத்தில் அங்கு வாணிகம் செழித்தது. பிற்காலத்தில் அம்மண்டபங்களில் சுவர் எழுப்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. கடைகளும் உணவகங்களும் நடத்தின. 2011 ஆம் ஆண்டு அவை அகற்றப்பட்டன. ஆற்றுக்கு அப்பாலுள்ள விருபாபுர கட்டெ என்னும் பகுதியில் விதிமீறி எழுந்த விடுதிகளும், உச்சநீதிமன்றத் தீர்ப்பிற்குப் பின் 2020 ஆம் ஆண்டு இடிக்கப்பட்டன. மண்டபங்கள் மீண்டும் வெளிப்பட்டன. அதே வேளையில் பயணிகளை நம்பி வாழ்ந்தோர் தொழிலை இழந்தனர். கல்லைக் காப்பதும் மக்கள் வாழ்வைக் காப்பதும் ஒருசேர நிகழ வேண்டும். அதற்குப் பயணிகளின் பங்கும் உண்டு. விதிமீறிய விடுதியில் ஒருவர் தங்கும்போது அத்தகைய விடுதி மேலும் ஒன்று எழ வழி பிறக்கிறது. அனுமதி பெற்ற இல்லத்தில் தங்கும்போது அவ்வூர்க் குடும்பம் ஒன்று நேர்மையாகப் பிழைக்கிறது.

இரண்டு நாள் திட்டம்

அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஹம்பியைக் காண ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் அனல் கக்கும். எக்காலத்திலும் காலையும் மாலையும் வெளியில் சுற்றுவதற்கு உரியவை. நண்பகல் நிழலுக்கு உரியது.

நுழைவுச்சீட்டைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். தாமரை மகால் வளாகம், விட்டலர் கோயில், கமலாபுரம் அருங்காட்சியகம் ஆகிய மூன்றுக்கும் ஒரே சீட்டு போதும். ஆனால் அது வாங்கிய நாளில் மட்டுமே செல்லும். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்க்குக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனவே இம்மூன்றையும் வெள்ளி அல்லாத ஒரே நாளில் அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

முதல் நாள்: காலையில் மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம், ஹசார ராமர் கோயில் ஆகியவற்றைக் கண்டு, தாமரை மகாலுக்கும் யானைக் கொட்டிலுக்கும் செல்லலாம். யானைக் கொட்டிலில் பதினொரு கூடங்கள் வரிசையாக அமைந்துள்ளன. வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்திற்குள் சென்றுவிடலாம். அங்குள்ள ஹம்பியின் மாதிரி அமைப்பு, மலைகளும் ஆறும் கோயில்களும் எங்கெங்கு உள்ளன என்பதை ஒரே பார்வையில் விளக்கும். உணவும் ஓய்வும் முடிந்தபின் மாலையில் விட்டலர் கோயில். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோயில்வரை மின்கல வண்டிகள் ஓடுகின்றன. முதியோர்க்கு அவை பெரிதும் உதவும். கல்தேர் என்று வழங்கப்படுவது உண்மையில் கருடனுக்கு எடுக்கப்பட்ட சன்னதி என்பதைப் பிள்ளைகள் இங்கு அறிந்துகொள்ளலாம்.

இரண்டாம் நாள்: விடியலில் ஹேமகூட மலை. மலை எனப்பட்டாலும் எளிதில் ஏறக்கூடிய பாறைச் சரிவே அது. பின்னர் விருபாட்சர் கோயில். அரசு வீழ்ந்த பின்னும் வழிபாடு தொடர்ந்து வரும் கோயில் இது. அதன் உட்புறத்தில் இருண்ட மண்டபம் ஒன்றின் சுவரில் சிறு துளை உள்ளது. அத்துளை வழியே நுழையும் ஒளி, எதிர்ச்சுவரில் கோபுரத்தின் உருவத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. ஊசித்துளைப் படப்பெட்டியின் தத்துவம் இதுவே. அடுத்துக் கிருஷ்ணர் கோயிலையும், 1528 ஆம் ஆண்டு செதுக்கப்பட்ட பேருருவ நரசிம்மரையும் காணலாம். நண்பகல் ஓய்வுக்குப் பின் ஆற்றங்கரை அல்லது ஆனெகுந்தி. பிறகு ஹொசப்பேட்டை சென்று இரவு இரயிலைப் பிடிக்கலாம்.

இத்திட்டத்தில் எல்லாச் சின்னங்களும் இடம்பெறவில்லை. இரண்டு நாளில் இருபது இடங்களை ஓடியோடிப் பார்ப்பதைவிடப் பத்து இடங்களை நின்று பார்ப்பதே மேல்.

காண்போர் கடமை

விட்டலர் கோயிலின் சில தூண்களைத் தட்டினால் இன்னொலி எழும். பலரும் தட்டித் தட்டி அவை பழுதடையத் தொடங்கியதால் இன்று அவற்றைத் தொடுதல் தடை செய்யப்பட்டுள்ளது. 2019 ஆம் ஆண்டு இளைஞர் சிலர் ஹம்பியில் தூண் ஒன்றைத் தள்ளி வீழ்த்திய காட்சி இணையத்தில் பரவியது. நீதிமன்றம் அவர்கட்குத் தலைக்கு 70,000 ரூபாய் தண்டம் விதித்ததோடு, வீழ்த்திய தூணை அவர்களே மீண்டும் நிறுத்த வேண்டும் எனவும் ஆணையிட்டது. போரில் தப்பிய தூண் விளையாட்டில் வீழ்வது வெட்கத்திற்குரியது.

ஆகவே சுவர்களில் பெயர் எழுதாமலும், சிற்பங்களின் மேல் ஏறாமலும், குப்பையைத் தங்குமிடத்திற்கே எடுத்துச் சென்று போடுவதும் காண்போர் கடமையாகும். நிலப்படத்தை அறிந்து, உடன் வருவோரை எண்ணி, ஊருக்குக் கேடு செய்யாத விடுதியைத் தேர்ந்து புறப்படுவோர்க்கு ஹம்பியின் கற்கள் தம் வரலாற்றைப் பொறுமையாகச் சொல்லும்.

பயிற்சி

1. பம்பை என்னும் பெயர் ஹம்பி என மாறியது எவ்வாறு? நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் தமிழை ஒத்த சொற்கள் ஐந்தினைக் கேட்டறிந்து எழுதுக.
2. ஹம்பியை அடுத்த நான்கு தங்குமிடங்களின் நிறை குறைகளை அட்டவணைப்படுத்துக.
3. சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவுடன் வெள்ளிக்கிழமை காலையில் ஹம்பிக்கு வந்து சேரும் குடும்பம் எங்குத் தங்கலாம்? இரண்டு நாள் திட்டத்தை எவ்வாறு மாற்றி அமைக்கலாம்? காரணத்துடன் எழுதுக.
4. "கல்லைக் காப்பதும் மக்கள் வாழ்வைக் காப்பதும் ஒருசேர நிகழ வேண்டும்." இதனை வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.
5. நீங்கள் வாழும் நகரைக் காணத் தமிழ்நாட்டிலிருந்து உங்கள் பாட்டி வருகிறார். அவருக்கு ஏற்ற ஒரு நாள் திட்டம் வகுத்து, அவருக்கே கடிதமாக எழுதுக.